மீசை புதையும் மணல்: அடித்தள மீன்களுக்கு ஏற்ற தொட்டித் தரை எது?

இரை தேடும் கோரிடோராஸ் கெளுத்தியைக் கண்ணாடிக்கு அருகே அமர்ந்து பார்த்தால், பெரும்பாலான நேரம் அதன் முகம் கண்ணில் படாது. மூக்கைக் கண்மட்டம் வரை மணலுக்குள் செலுத்தி, வாயோரத்து மீசைகளால் துழாவி, ஒரு வாய் மணலை உள்ளிழுத்து, தின்னத்தக்கதை மட்டும் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை இரு செவுள்களின் வழியாகவும் மெல்லிய புகைபோல வெளியே தள்ளுகிறது. பிறகு அரை விரற்கடை நகர்ந்து அதே வேலையை மறுபடி தொடங்குகிறது. இதே மீனைப் பருத்த சரளைக்கல் பரப்பிய தொட்டியில் விட்டாலும் துழாவுவதை அது விடுவதில்லை. ஆனால் மூக்கு கல்லில் முட்டி நிற்கும், மீசை கல்லின் மேல்முகத்தில் உரசும், வாய்க்குள் எதுவும் போகாது. பிறவியோடு வந்த ஒரு செயல் அந்தத் தொட்டியில் நடக்காமலே போய்விடுகிறது.

தொட்டியின் அடியில் எதைப் பரப்புவது என்பதை நம்மில் பலர் நிறத்தையும் அழகையும் வைத்தே முடிவு செய்கிறோம். நடுநீரில் திரியும் மீன்களுக்கு அதனால் பெரிய கேடு இல்லை, ஏனெனில் அவை தரையைத் தொடுவதே அரிது. கெளுத்தி, அயிரை, ஆரல், உளுவை, திருக்கை போன்ற அடித்தள மீன்களுக்கோ அது இரை கிடைக்கும் இடமாகவும், படுக்கும் இடமாகவும், அச்சம் வந்தால் புதைந்துகொள்ளும் இடமாகவும் இருக்கிறது. ஆகவே, வளர்க்கப்போகும் மீன் தரையை என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அந்தச் செயலுக்கு இடம் தரும் பொருளைத் தேடுவதே சரியான வரிசை. இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

மணல், சரளை என்ற சொற்களைப் பேச்சில் விருப்பம்போல் கையாள்கிறோம். நிலவியலில் அவற்றுக்குத் திட்டமான அளவு உண்டு. 1922-இல் செஸ்டர் வென்ட்வொர்த் வகுத்த அளவுகோலின்படி 0.0625 மி.மீ. முதல் 2 மி.மீ. வரை குறுக்களவு கொண்ட துகளே மணல். அதற்குக் கீழே வண்டலும் களிமண்ணும் வருகின்றன. அதற்கு மேலே சரளையும் கூழாங்கல்லும். மணலுக்குள்ளும் 0.125 முதல் 0.25 மி.மீ. வரை நுண்மணல், 0.5 மி.மீ. வரை நடுத்தர மணல், 1 மி.மீ. வரை பருமணல் என்ற பிரிவுகள் உள்ளன. மணலைச் சலித்துத் தின்னும் சிறு மீன்களுக்கு நடுத்தர மணலும் அதை ஒட்டிய அளவுகளுமே ஏற்றவை. 0.2 மி.மீ.க்கும் கீழே போனால் சிறு அசைவுக்கே கலங்கி எழும்பும், இறுகிப் படியும், 1 மி.மீ.க்கு மேலே போகப்போகச் சிறு மீனின் செவுள் வழியே அது வெளியேறுவது கடினமாகும்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு போதும். 0.4 மி.மீ. மணல்துகளைவிட 4 மி.மீ. கல் குறுக்களவில் பத்து மடங்குதான் பெரியது. எடையில் ஆயிரம் மடங்கு. மீசை இலேசாகப் பட்டதும் மணல்துகள் விலகி வழிவிடுகிறது. கல் விலகுவதில்லை, மீசைதான் வளைய வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் பல ஆயிரம் முறை இது நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால், 'வழுவழுப்பான சரளைதானே, ஒன்றும் ஆகாது' என்ற சமாதானத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. கூர்முனை இல்லாத சரளை காயத்தைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் மீன் அதைச் சலிக்க முடியாது என்பது அப்படியே இருக்கிறது.

சரளையில் இன்னொரு குறையும் உண்டு, அது கண்ணுக்கு எளிதில் தெரியாதது. கொட்டிப் பரப்பிய துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம், ஒரே அளவுத் துகள்களாக இருந்தால், மணலானாலும் சரளையானாலும் மொத்தக் கன அளவில் ஏறக்குறைய 40 சதவீதம்தான். வேறுபடுவது ஒவ்வொரு இடுக்கின் அகலம். 6 மி.மீ. சரளையில் ஒரு சிறு தீனிக்குருணை நேராக அடிவரை இறங்கிவிடும். மீனின் வாய்க்கு எட்டாத அந்த ஆழத்தில் அது ஊறி, அழுகி, அமோனியாவாக மாறிக்கொண்டிருக்கும். மேலேயோ கெளுத்தி பசியோடு துழாவிக்கொண்டிருக்கும். மெல்லிய மணலில் அதே குருணை மேலேயே கிடக்கிறது. மீன் தின்றுவிடும், அல்லது மறுநாள் நம் கண்ணில் பட்டு நாம் எடுத்துவிடுவோம். மணல் அழுக்காகத் தெரிகிறது என்று குறைப்படுவோர் உண்டு. அழுக்கை அது மறைக்காமல் காட்டுகிறது என்பதே அதன் சிறப்பு.

அளவுக்கு அடுத்தது துகளின் வடிவம். நீரும் காற்றும் நெடுங்காலம் உருட்டிய துகளின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். இயந்திரத்தில் உடைத்த துகளில் உடைந்த முகங்களும் கூர்முனைகளும் அப்படியே நிற்கும். ஆற்று மணல் என்றாலே உருண்டது என்று எண்ணிவிடக்கூடாது. கூழாங்கற்கள் ஆற்றில் விரைவாகவே உருண்டுவிடும். சிறு மணல்துகள்களோ நீரில் மிதந்து செல்வதால் ஒன்றோடொன்று வலுவாக மோதுவதில்லை; அவை மழுங்க மிக நீண்ட காலம் பிடிக்கும். எனவே பெயரை நம்பாமல் கையால் பார்ப்பதே நல்லது. ஈரமணலை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உருண்ட மணல் விரல்களுக்கு இடையே வழுக்கிக்கொண்டு நழுவும். உடைந்த மணல் தோலைப் பற்றி இழுக்கும், கையைக் கழுவிய பிறகும் சற்று நேரம் எரிச்சல் இருக்கும். சந்தேகம் இருந்தால் வெள்ளைத் தாளில் சில துகள்களைப் பரப்பிப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். கண்ணாடிச் சில்லு போன்ற பளபளப்பான முகங்களும் ஊசிமுனைகளும் தென்பட்டால் அந்த மணல் மீசையுள்ள மீனுக்கு வேண்டாம்.

மீசை என்பது வெறும் அலங்காரம் அல்ல. அது தசையும் நரம்பும் இரத்தக்குழாய்களும் கொண்ட உறுப்பு. அதன் மேற்பரப்பில் சுவை மொட்டுகள் நெருங்கி அமைந்திருக்கின்றன. கலங்கல் நீரிலும் இரவிலும் கண்ணை நம்ப முடியாத மீனுக்கு நாக்கும் விரலும் அதுவே. அது தேய்ந்து, முனை சிவந்து, பின் அடிக்கட்டையாகக் குறைந்துபோவதுதான் இந்த மீன்களை வளர்ப்போர் மிகவும் அஞ்சும் கேடு. காரணம் எது என்பதில் நெடுநாளாக இரு கட்சிகள் இருக்கின்றன. கூரிய சரளை அறுக்கிறது என்பது ஒன்று; அழுக்கில் பெருகும் பாக்டீரியா அரிக்கிறது என்பது மற்றொன்று. கரடுமுரடான தரையிலும் நீர் தூய்மையாக உள்ள தொட்டிகளில் முழு மீசையோடு உலவும் கெளுத்திகள் உண்டு. பட்டுப்போன்ற மணல் இருந்தும் பராமரிப்பு இல்லாத தொட்டியில் மீசையிழந்தவையும் உண்டு. ஆகவே கல் மட்டுமே குற்றவாளி என்று சொல்வது பொருந்தாது. தரைதான் தொற்றின் வாசலைத் திறக்கிறது, அதன் வழியே நுழைவது கிருமி என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரியென்று நான் கருதுகிறேன். நுண்ணிய சிராய்ப்பு தானாக ஆறிவிடும். ஆனால் அந்தச் சிராய்ப்போடு மீன் ஒவ்வொரு நாளும் அழுகும் கசடுக்குள் முகத்தைப் புதைத்தால் அது ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதிக்க நாம் எடுக்கும் நீர் தொட்டியின் மேற்பகுதியிலிருந்து வருவது; மீசை தொடும் இடமோ தரையை ஒட்டிய மெல்லிய படலம். மேலே எல்லாம் சரியாக இருக்க, சரளை இடுக்குகளில் நிலைமை வேறாக இருக்கலாம். சோதனையில் எண்கள் நன்றாக வந்தும் மீசைகள் குறைந்துகொண்டே போகும் புதிருக்குப் பெரும்பாலும் இதுவே விடை. அடிப்பகுதி முழுவதும் அழிந்துவிடாத மீசை, தரையும் நீரும் திருந்தினால் மீண்டும் வளரும். வேரோடு போனது பெரும்பாலும் திரும்புவதில்லை.

மீனுக்கு மீன் தேவை மாறுகிறது. 'ஜியோஃபேகஸ்' என்ற பெயருக்கே கிரேக்கத்தில் மண்தின்னி என்று பொருள். தென் அமெரிக்க சிக்லிட் இனமான இது வாய் நிறைய மணலை அள்ளிச் சலிப்பதால், மெல்லிய மணல் இல்லாத தொட்டியில் இதை வளர்ப்பதில் பொருளே இல்லை. கூலி அயிரை பாம்புபோல் நெளிந்து மணலுக்குள் நுழைந்துகொள்ளும். அதற்கு 4 அல்லது 5 செ.மீ. ஆழ மணல் இருந்தால் பகலில் காணாமல் போய், இரவில் வெளியே வரும். ஆரல் மீன்கள் மூக்கு நுனி மட்டும் வெளியே தெரியும்படி உடல் முழுவதையும் புதைத்துக்கொள்பவை. இவற்றின் செதில்கள் மிகச் சிறியவை. கரடான சரளையில் புதைய முயன்றால் தோல் கீறப்பட்டு, அந்தக் கீறலில் தொற்று ஏறும். பெரிய ஆரலுக்கு 7 செ.மீ.க்குக் குறையாத மணல் வேண்டும். நன்னீர்த் திருக்கையின் அடிவயிறு முழுவதும் தரையில் படுகிறது, அதன் வாயும் அங்கேயே இருக்கிறது. அதனால் பலர் தூய்மை கருதி வெறுங்கண்ணாடித் தரையிலேயே திருக்கையை வளர்க்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மணலைச் சிறகால் வாரி முதுகில் போட்டுக்கொண்டு படுக்கும் திருக்கையை ஒருமுறை பார்த்தவருக்கு வெறுந்தரை மனநிறைவு தராது. பிளீகோ என்ற கெளுத்தி வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை கல்லிலும் மரக்கட்டையிலும் உறிஞ்சிக்கொண்டு வாழ்பவை, மணலில் அவற்றுக்கு அவ்வளவு வேலை இல்லை. தங்கமீன் அடித்தள மீன் அல்ல என்றாலும் கல்லை வாயில் எடுத்துச் சப்பித் துப்பும் பழக்கம் உடையது. 3 முதல் 6 மி.மீ. வரையுள்ள கல் அதன் தொண்டையில் சிக்கிக்கொள்வது புதிதல்ல. ஆகவே அதற்கு ஒன்று மணல் வேண்டும், அல்லது வாய்க்குள் போகவே முடியாத பெரிய கூழாங்கல் வேண்டும்.

இனிப் பொருள்கள். நீச்சல்குள வடிகட்டிகளுக்கென விற்கப்படும் சிலிக்கா மணல் பலருக்கும் முதல் தேர்வாக இருப்பதற்குக் காரணம், அது சலித்துத் தரம் பிரிக்கப்பட்டது, பெரும்பாலும் 0.5 மி.மீ.யை ஒட்டிய ஒரே சீரான அளவு, தூசி குறைவு. வடிகட்டிக்கென உடைத்த கண்ணாடியும் விற்கப்படுகிறது, அதை இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. குழந்தைகள் விளையாடும் மணல் மெல்லியது, மீனுக்கு நல்லது. ஆனால் தூசி மிகுதி, கழுவுவதற்குப் பொறுமை வேண்டும். கட்டுமானத்துக்கான எம்-சாண்ட் கல்லை நொறுக்கிச் செய்வது. துகள்கள் கூர்மையானவை, கல்தூளும் நிறைய உண்டு, இதைத் தவிர்ப்பதே நல்லது. உலோகத்தின் துருவைச் சுரண்ட அழுத்தக்காற்றில் வீசும் கரிய துகள்கள் மலிவாகக் கிடைப்பதாலும் கறுப்பாக அழகாக இருப்பதாலும் தொட்டிகளில் நுழைந்துவிட்டன. அவற்றில் பெரும்பகுதி நிலக்கரிக் கசடும் செம்புக் கசடும் ஆகும், கண்ணாடிபோல் உடைந்த விளிம்புகள் கொண்டவை. துருவைச் சுரண்டுவதற்கென்றே செய்யப்பட்ட பொருளைக் கெளுத்தியின் முகத்துக்குக் கீழே பரப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. சாயம் பூசிய சரளையில் பூச்சு உரிவதுண்டு. தாவரத் தொட்டிகளுக்கான சுட்ட மண் உருண்டைகள் வேறு வகை. அவை முதல் சில வாரங்களில் அமோனியாவை வெளியிடும், நீரின் பிஎச் அளவை இறக்கும், தோண்டும் மீன்களின் கீழ் நொறுங்கிச் சேறாகும். செடிகளுக்காக அந்த மண் கட்டாயம் வேண்டுமென்றால் பின்புறம் ஒரு தடுப்புக்குள் அதை அடக்கிவிட்டு, முன்புறம் மீன்களுக்கென மணலை விடுவது நடைமுறையில் நன்றாகவே அமைகிறது.

துகள் உருண்டு, அளவு சரியாக இருந்தாலும், அது நீரை மாற்றுமா என்பதையும் பார்க்க வேண்டும். பவளத்தூள், கிளிஞ்சல், சுண்ணக்கல், பளிங்குச் சில்லு ஆகிய எல்லாவற்றிலும் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. அது சிறிதுசிறிதாகக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் பிஎச் அளவையும் ஏற்றும். தாங்கனிக்கா ஏரியின் சிக்லிட்களுக்கு அது நன்மை, ஏனெனில் அந்த ஏரியின் நீரே காரத்தன்மை கொண்டது. மென்னீரில் வாழும் அமேசான் கெளுத்திகளுக்கோ அது தொடர்ந்து நீடிக்கும் தொல்லை. சோதிப்பது எளிது. உலர்ந்த மணல் ஒரு கரண்டியில் வினிகரைச் சில துளிகள் விட்டுக் காதருகே கொண்டுபோனால், கார்பனேட் இருக்குமானால் மெல்லிய சீறல் கேட்கும், குமிழிகள் எழும். கடல்மணலில் உப்பைக் கழுவிவிடலாம், கிளிஞ்சல் பொடியைக் கழுவி நீக்க முடியாது. டோலமைட் போன்ற சில கற்கள் வினிகருக்கு மெதுவாகவே அசையும் என்பதால், ஒரு குடுவை நீரில் மணலை ஒரு வாரம் ஊறவைத்து, முன்னும் பின்னும் கடினத்தன்மையை அளந்து பார்ப்பது இன்னும் உறுதியான வழி.

இயற்கையான கருமணலுக்கு ஒரு காந்தத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மேக்னடைட் துகள்கள் கலந்திருந்தால் அவை காந்தத்தில் மயிர்போல் நிமிர்ந்து ஒட்டும். மீன்களுக்கு அவற்றால் தீங்கில்லை. ஆனால் பம்பின் உள்ளே சுழலும் பகுதி காந்தம் என்பதால் அங்கே போய் ஒட்டி, அச்சை அரைத்துவிடும். நிறத்தைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சொல்லலாம்: பளீரென்ற வெண்மணலில் மீன்கள் தரைக்கு ஏற்ப நிறம் வெளிறி, ஒளிந்துகொள்ள இடம் தேடுகின்றன. பழுப்பும் கபிலமும் கலந்த இயல்பான மணல்தான் அவற்றுக்கு அமைதி தருகிறது.

மணல் எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதில் மிகை வேண்டாம். கோரிடோராஸுக்கு 3 முதல் 4 செ.மீ. போதும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தரையில் 4 செ.மீ. பரப்புவதற்கு 7.2 லிட்டர் மணல், அதாவது ஏறத்தாழ 11 கிலோ தேவைப்படும். ஆழம் கூடினால் அடியில் ஆக்சிஜன் எட்டாத பகுதி உருவாகி, அங்கே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு சேரும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. அது கற்பனை அல்ல, ஆனால் பெரிதுபடுத்தப்பட்டது. ஆழம் குறைந்த, கசடு புதையாத மணலில் அந்த வாயு பொருட்படுத்தும் அளவுக்கு உருவாவதில்லை. சிறிது வெளிவந்தாலும் ஆக்சிஜன் நிறைந்த நீரில் விரைவில் மாற்றமடைந்துவிடும். ஆபத்து எப்போது என்றால், ஆண்டுக்கணக்கில் தொடாத ஆழமான, கசடு நிறைந்த படுகையை ஒரே நாளில் கிளறும்போதுதான். கரிய திட்டும் அழுகிய முட்டை நாற்றமும் தெரிந்தால், மீன்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டே கை வைக்க வேண்டும். அயிரையும், மணலுக்குள் ஊரும் மலேசியக் கூம்பு நத்தையும் இருக்கும் தொட்டியில் மேல்மணல் ஓயாமல் புரண்டுகொண்டே இருப்பதால் இந்தக் கவலை குறைவு. ஆழம் கூடிய பகுதியில் விரலால் வாரம் ஒருமுறை இலேசாகக் கிளறிவிட்டாலே போதும்.

மணலைக் கழுவும்போது உலர்ந்த நிலையில் கொட்டாமல் முதலிலேயே நனைத்துவிட வேண்டும், ஏனெனில் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு. வாளியில் கால்பங்கு மணலைப் போட்டு, குழாய்நீரை வேகமாக விட்டுக் கையால் அடிவரை கிளறி, கலங்கலை மட்டும் சாய்த்து ஊற்ற வேண்டும். முதலில் பால்போல் வழியும் நீர் பத்துப் பதினைந்தாம் முறையில்தான் தெளியும், அதற்குள் கை ஓய்ந்துவிடும். சோப்பு ஒருபோதும் கூடாது. ஃபில்டரின் உறிஞ்சுவாயைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தால் மணல் உள்ளே போகாது. மணலுக்கு அடியில் தட்டு வைக்கும் பழைய வகை ஃபில்டர் இதற்குப் பொருந்தாது, துளைகள் அடைத்துக்கொள்ளும், கூலி அயிரைகள் தட்டுக்கு அடியிலும் நுழைந்துவிடும். கசடை நீரோடு இழுத்து வெளியேற்றும் சைஃபன் குழாயைச் சரளையில் செய்வதுபோல் உள்ளே குத்தக்கூடாது. மணலுக்கு இரண்டு செ.மீ. மேலே பிடித்து மெல்ல வட்டமிட்டால், எடை குறைந்த கசடு மட்டும் எழுந்து குழாய்க்குள் போகும், மணல் சற்று எழும்பிக் கீழேயே விழுந்துவிடும். இந்தப் பிடிமானம் கைக்கு வரும்வரை வாளியில் கொஞ்சம் மணல் சேரத்தான் செய்யும்.

ஏற்கெனவே சரளை உள்ள தொட்டியை மாற்ற விரும்புவோர் ஒரு சுருக்கு வழியை முயல்வதுண்டு: சரளையை அள்ளாமல் அதன் மேலேயே மணலைக் கொட்டிவிடுவது. நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். முதல் நாள் அழகாகத்தான் இருந்தது. சிறு துகள்கள் பெரிய கற்களின் இடுக்குகளில் இறங்கிக்கொண்டே இருப்பதால், மீன்கள் துழாவத் துழாவ மணல் அடிக்குப் போய், ஐந்தாறு வாரங்களில் கற்கள் மீண்டும் மேலே தலைகாட்டின. அதோடு பழைய கசடும் மணலுக்கு அடியில் மூடப்பட்டுப்போனது. சரளையை முழுவதுமாக எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதில் குடியிருந்து அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் அதனோடு போய்விடும் என்பதால் தரையின் மூன்றில் ஒரு பங்காக, பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு, ஃபில்டர் பஞ்சைத் தொடாமல், ஒவ்வொரு முறைக்குப் பின்னும் அமோனியாவை அளந்துகொண்டே எடுக்க வேண்டும். அள்ளும்போது எழும் கலங்கலை உடனுக்குடன் சைஃபனில் இழுத்துவிட்டு, கழுவிய மணலை ஒரு குவளையில் நிரப்பி நீருக்குள் இறக்கி, தரையருகே சாய்த்துக் கொட்டினால் தொட்டி அவ்வளவாகக் கலங்காது. மாற்றிய பகுதியில் முதல் மணி நேரத்திலேயே கெளுத்திகள் கூடிவிடுகின்றன. மீதிச் சரளைப் பக்கம் அவை போவதே இல்லை.